அந்தச் சில விநாடிகள்: சார்ல்ஸ் கெட்டரிங்கின் கதை

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிரிக்பீல்ட்ஸில் அப்பாவின் காரை நான் கெடுத்தேன். தங்கையை டியூஷன் வகுப்பிலிருந்து அழைத்துப் போக வந்திருந்தேன். ஜாலான் துன் சம்பந்தனுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் காரை நிறுத்தியிருந்தேன். ஒரு மணி நேரம் கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. பழைய புரோட்டோன் சாகா. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றுகிறது; ஆனால் பற்றிக்கொள்ள மறுக்கிறது. பின்னால் ஒருவர் ஹாரன் அடிக்கிறார். தங்கை கடிகாரத்தைப் பார்க்கிறாள். நான் சாவியை விடவே இல்லை. அரை நிமிடம் பிடித்தேன், விட்டேன், உடனே மறுபடியும் அரை நிமிடம். நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, சுற்றும் சத்தம் சோர்ந்து சோர்ந்து வந்தது. வார்னிஷ் கருகுவது போல ஒரு வாடை. அதற்குப் பிறகு எத்தனை முறை திருப்பினாலும் டக் என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மழை ஈரம் இறங்கியிருந்தது. முதலில் இருந்த கோளாறு அவ்வளவுதான். காய்ந்த துணியால் துடைத்திருந்தால் வீடு போய்ச் சேர்ந்திருப்போம். போலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவில்லை.

காரை இழுத்துக்கொண்டு கிள்ளானில் இருந்த மாமாவின் பட்டறைக்குப் போனோம். இழுவை லோரிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை, மாமா தம் கையால் எதையும் தொடாமல் என்னையே வேலை வாங்கினார். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொன்னார். அதைக் கழற்றாமல் ஸ்டார்ட்டரில் ஸ்பேனரை வைத்தால், ஸ்பேனர் இன்ஜின் உடம்பில் பட்ட மாத்திரத்தில் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் அந்தத் தடித்த கம்பிக்கு ஃபியூஸ் கிடையாது. பிறகு சொலினாய்டில் இருக்கும் தடித்த கம்பி, மெல்லிய கம்பி இரண்டையும் எடுத்தேன். கியர்பாக்ஸோடு பிடித்திருந்த இரண்டு போல்ட்டுகளைத் திருகினேன். ஸ்டார்ட்டர் கையோடு வந்தது. நினைத்ததைவிடக் கனம்.

மேசையில் வைத்துப் பிரித்தோம். கமுட்டேட்டர் கரியாக இருந்தது. ஆர்மேச்சர் சுருளின் முனைகளைப் பிடித்திருந்த ஈயப்பற்று உருகிச் சிதறியிருந்தது. கார்பன் பிரஷ் நான்கும் சுண்டுவிரல் நகமளவு தேய்ந்திருந்தன. பிரஷ் மட்டும் தேய்ந்திருந்தால் புதிது போட்டுச் சமாளித்திருக்கலாம். ஆர்மேச்சர் வெந்துபோனால் வேறு வழியில்லை என்றார் மாமா. அப்போதுதான் அவர் ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் மேசை விசிறி விடிய விடியச் சுற்றுகிறது, ஒன்றும் ஆவதில்லை. ஓர் இன்ஜினையே சுற்றிவிடுகிற இந்த முரட்டு மோட்டார் ஏன் இரண்டு நிமிடத்தில் செத்துப்போகிறது?

எனக்குப் பதில் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்திருந்தது: அதைச் செய்ததே அப்படித்தான். சில விநாடி வேலைக்கு மட்டும். ஆனால் யார் அப்படிச் செய்தது என்பது அவருக்கும் தெரியாது. அதைத் தேடிக்கொண்டு நான் நூலகத்துக்குப் போனேன். அப்படித்தான் சார்ல்ஸ் கெட்டரிங் எனக்கு அறிமுகமானார்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், அவர் எதை ஒழித்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் தாத்தா கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டியவர். போர் முடிந்த பின் வந்த பழைய லோரிகள் அவை. காலையில் லோரியின் முன்னால் நின்று, இரும்புக் கைப்பிடியை உள்ளே செருகி, மேல்நோக்கி ஒரே வீச்சாக இழுத்துச் சுற்றினால்தான் இன்ஜின் உயிர் பெறும். நேரம் தவறிப் பொறி பற்றினால் கைப்பிடி எதிர்த் திசையில் உதைக்கும். அந்த உதையில் தாத்தாவின் வலது மணிக்கட்டு ஒரு முறை முறிந்து, கோணலாகவே கூடிக்கொண்டது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்க வேண்டும், சுற்றிப் பிடித்தால் விரல் போய்விடும் என்று சிறு வயதில் எனக்கு விளக்குமாற்றை வைத்துச் செய்து காட்டியிருக்கிறார். மணிக்கட்டருகே ஆரை எலும்பில் ஏற்படும் ஒரு வகை முறிவை மருத்துவர்கள் இன்றைக்கும் கார் ஓட்டுநர் முறிவு என்ற பொருளில் ஷோஃபர் முறிவு என்றே அழைக்கிறார்கள். மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் அந்தப் பெயரைப் பாடநூலில் சந்திப்பீர்கள்.

கெட்டரிங் 1876-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் லவுடன்வில் என்னும் ஊரருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பிறவியிலேயே கண் பார்வை பலவீனம். கொஞ்ச நேரம் படித்தாலே தலைவலி வந்துவிடும். பள்ளிப் படிப்பை முடித்துக் கிராமப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். பிறகு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் தொல்லையால் பாதியில் படிப்பை விட்டார். விட்டவர் வீட்டில் உட்காரவில்லை. தொலைபேசிக் கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் குழுவில் கூலி வேலைக்குப் போய், அந்தக் குழுவுக்கே மேற்பார்வையாளர் ஆனார். திறந்தவெளி வேலையில் கண்ணும் ஓரளவு தேறியது. திரும்பி வந்து, மின்பொறியியல் பட்டம் பெற்றபோது ஆண்டு 1904. அவருக்கு ஏறத்தாழ 28 வயது. உடன் படித்தவர்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எஸ்.பி.எம். முடித்து ஓராண்டு தாமதமானாலே வாழ்க்கை போய்விட்டதாக நினைக்கும் பெற்றோரிடம் இந்தக் கணக்கை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

பட்டம் வாங்கிய கையோடு டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கடைகளில் பணம் வைக்கும் கல்லா இயந்திரம் செய்யும் நிறுவனம் அது. அக்காலக் கல்லாவை ஒவ்வொரு விற்பனைக்கும் கையால் சுற்ற வேண்டும். பெரிய கடைகளில் நாள் முழுவதும் சுற்றும் பெண்களுக்குக் கை ஓய்ந்துபோகும். அதை மின்சாரத்தால் ஓட்ட வேண்டும் என்பது கெட்டரிங்கிடம் கொடுக்கப்பட்ட வேலை. ஆனால் போதிய பலமுள்ள மோட்டார் என்றால், அது கல்லாவையே விடப் பெரிதாக வருகிறது.

இந்த இடத்தில்தான் அவர் மூளை வேறு பக்கம் திரும்பியது. பெரிய மோட்டார் எதற்குப் பெரிதாக இருக்கிறது? நாள் முழுவதும் ஓடினாலும் சூடேறாமல் இருப்பதற்காக. கல்லா மோட்டார் ஓட வேண்டியது ஒரு விநாடியோ இரண்டு விநாடியோ. அடுத்த வாடிக்கையாளர் வரும்வரை அதற்கு ஓய்வுதான். அப்படியானால் ஒரு சின்ன மோட்டாருக்குள் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் செலுத்தலாம். அது சூடாகித் தீய்வதற்குள் வேலை முடிந்திருக்கும். 1906-இல் மின் கல்லா தயாராகிவிட்டது.

இயற்பியல் படிக்கும் மாணவர்களுக்கு இது உடனே விளங்கும். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அதோடு நேரத்தையும் பொறுத்தது. மின்னோட்டத்தை ஐந்து மடங்காக்கினால் வெப்பம் இருபத்தைந்து மடங்காகும். ஆனால் நேரத்தைச் சுருக்கிவிட்டால் கம்பி தாங்கும். எல்லாரும் சூத்திரத்தின் முதல் பாதியைப் பார்த்துப் பயந்தபோது, கெட்டரிங் இரண்டாம் பாதியைப் பார்த்தார். கார் ஸ்டார்ட்டரின் முழு ரகசியமும் இதுதான். மற்றதெல்லாம் பற்சக்கரமும் கம்பியும்.

அதே நிறுவனத்தில் எட்வர்ட் டீட்ஸ் என்பவர் அவருக்கு நண்பரானார். டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை இருந்தது. மாலையிலும் வார இறுதியிலும் கெட்டரிங்கும் உடன் வேலை செய்த சிலரும் அங்கே கூடி, கார்களுக்கான புதிய பற்றவைப்பு முறை ஒன்றைச் செய்து பார்த்தார்கள். காடிலாக் கார் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லீலாண்ட் அதை வாங்க முன்வந்தார். 1909-இல் டெல்கோ நிறுவனம் பிறந்தது. கெட்டரிங் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கொட்டகைக்கே வந்து சேர்ந்தார்.

லீலாண்டுக்கு பைரன் கார்ட்டர் என்று ஒரு நண்பர். அவரும் கார் செய்பவர். வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு உதவப் போய், கைப்பிடி உதைத்து முகத்தில் அடிபட்டு, பின்னர் இறந்தார் என்றும், அந்தத் துக்கத்தில்தான் லீலாண்ட் கைப்பிடியை ஒழித்தே தீருவேன் என்று கிளம்பினார் என்றும் ஒரு கதை உண்டு. கார்ட்டர் 1908-இல் காலமானது உண்மை. கதையின் மற்ற விவரங்கள் சொல்பவரைப் பொறுத்து மாறுகின்றன, ஆண்டு உட்பட. கைப்பிடியால் அடிபட்டவர்கள் அந்நாளில் ஊருக்கு ஊர் இருந்தார்கள்; காரணத்துக்கு ஒரே ஒரு நண்பரைத் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். எப்படியோ, லீலாண்ட் கேட்டார், கெட்டரிங் ஒப்புக்கொண்டார்.

அறிந்தவர்கள் பலர் முடியாது என்றார்கள். குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்ட இன்ஜினைச் சுற்ற, இன்ஜினளவே ஒரு மோட்டார் வேண்டும், அதற்கு ஒரு வண்டி நிறையப் பேட்டரி வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். கெட்டரிங் கல்லாவில் செய்ததையே இங்கேயும் செய்தார். சின்ன மோட்டார், பெரிய பற்சக்கரக் குறைப்பு, சில விநாடி வேலை. இன்ஜின் பற்றிக்கொண்டதும் அது மோட்டாரை இழுத்துச் சிதறடித்துவிடாமல் இருக்க, ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் கிளட்ச் வைத்தார். செலவழித்த மின்சாரத்தை மீண்டும் நிரப்ப வேண்டுமே? வேலை முடிந்ததும் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும்படி அமைத்தார். விளக்கும் அதே மின்சாரத்தில் எரிந்தது. 1911-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதல் கார் டிட்ராய்ட் போனது. 1912-ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்கள் கைப்பிடியின் தயவில்லாமல் கிளம்பின. இதற்கான காப்புரிமை 1915-இல் அவருக்குக் கிடைத்தது.

சில ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதுவரை நகரங்களில், குறிப்பாகப் பெண்களிடையே, மின்சாரக் கார்களுக்கு நல்ல பெயர் இருந்தது. அவற்றைக் கைப்பிடியால் சுற்ற வேண்டியதில்லை என்பது பெரிய காரணம். பெட்ரோல் காருக்குள் ஒரு சின்ன மின்மோட்டாரை வைத்த மாத்திரத்தில் அந்தக் காரணம் காலாவதியாகிவிட்டது. மின்சாரக் கார் நூறாண்டு தூங்கப் போனது. இன்று அது விழித்துக்கொண்டு நம் சாலைகளில் ஓடுகிறது. அதில் ஸ்டார்ட்டர் கிடையாது.

அமெரிக்காவில் இது நடந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார், வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி வேலை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மதுரைப் பக்கம் பேருந்து விடத் தொடங்கினார். கெட்டரிங்கைவிட ஒரு வயது இளையவர். 1955-இல் அவர் காலமான பின், 1961-இல், அவர் பெயரைத் தாங்கிய குழுமம் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. அங்கே செய்யப்படும் முக்கியமான பொருள்களில் ஒன்று ஸ்டார்ட்டர் மோட்டார். தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடும் எத்தனையோ லாரிகளின் வயிற்றில் லூகாஸ் டி.வி.எஸ். என்ற பெயர் இருக்கிறது.

மாமாவின் பட்டறைக்குத் திரும்புவோம். புதிய ஸ்டார்ட்டர் வாங்க எங்களிடம் பணமில்லை. கிள்ளானில் பழைய கார்களை வெட்டி உதிரிபாகம் விற்கும் ஹாஃப்கட் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே ஒன்று கிடைத்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பினியனின் பற்களை எண்ணச் சொன்னார் மாமா. போல்ட் துளைகளின் இடைவெளி ஒன்றாக இருந்து பல் எண்ணிக்கை மாறினால், மாட்டிய பிறகு பிளைவீலின் பல்வளையம் நாசமாகும். பிறகு அதைத் தரையில் வைத்து, ஒரு காலால் அழுத்தி மிதித்துக்கொண்டு, ஜம்பர் கம்பியால் மின்சாரம் கொடுத்துச் சோதித்தோம். காலை எடுத்தால் ஸ்டார்ட்டர் தவளை போலத் துள்ளும். சாதாரணக் காரின் முன்விளக்கு ஒன்று ஐந்து ஆம்பியருக்கும் குறைவாக எடுக்கும். ஸ்டார்ட்டரோ நூறு, நூற்றைம்பது ஆம்பியரை ஒரே மடக்கில் குடிக்கும். அந்த வேகம் காலுக்குத் தெரிந்தது.

அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததை இப்போது என் மாணவர்களுக்கு நான் சொல்கிறேன். கார் கிளம்பவில்லை என்றதும் ஸ்டார்ட்டரைக் கழற்றாதீர்கள். முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் அதைச் சுரண்டி எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, சாவியைத் திருப்பும்போது பத்துக்குக் கீழே வெகுவாக விழுந்தால் குற்றவாளி பேட்டரிதான். டக்டக்டக் என்று அடுக்கடுக்காகச் சத்தம் வந்தாலும் அதே சந்தேகம். ஒரே ஒரு டக் என்றால் சொலினாய்டையோ பிரஷையோ பார்க்க வேண்டும். மோட்டார் மட்டும் விர்ரென்று சுற்றி இன்ஜின் அசையாமல் இருந்தால், பெண்டிக்ஸ் போய்விட்டது. பட்டறைகளில் பெண்டிக்ஸ் என்று சொல்லும் அந்தப் பகுதி, வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற மனிதரின் பெயர். அவர் செய்த அமைப்பு வேறு, இன்று காரில் இருப்பது வேறு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. எதுவானாலும் பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடிக்கக் கூடாது. விட்டபின் அரை நிமிடமாவது ஆற விட வேண்டும். அது ஸ்டார்ட்டரின் பலவீனம் என்று முன்பு நினைத்திருந்தேன். கெட்டரிங்கைப் படித்த பிறகு, அது அவர் நம்மோடு செய்துகொண்ட ஒப்பந்தம் என்று புரிந்தது. பிரிக்பீல்ட்ஸில் அந்த ஒப்பந்தத்தை மீறியவன் நான்.

கெட்டரிங்கின் கதை இத்தோடு முடிந்திருந்தால் எழுதுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். 1916-இல் டெல்கோ விற்கப்பட்டு, பிறகு ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்தது. 1920 முதல் 1947 வரை அந்த மாபெரும் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுக்கு அவரே தலைவர். தண்ணீரும் ரேடியேட்டரும் இல்லாமல், செப்புத் தகடுகளால் காற்றில் குளிரும் இன்ஜின் ஒன்றைச் செய்ய ஆசைப்பட்டார். 1923-இல் செவர்லே கார்களில் அது வந்தது. சூடேறிச் சக்தி இழந்தது. விற்ற கார்களையெல்லாம் நிறுவனம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மனம் உடைந்து பதவி விலக முன்வந்தார்; நிறுவனம் விடவில்லை. பின்னாளில் ரயில் இன்ஜின்களுக்கான டீசல் இயந்திரத்தை அவருடைய குழு உருவாக்கியபோது, நீராவி இன்ஜினின் காலம் முடியத் தொடங்கியது.

ஆனால் நடுவில் இன்னொன்று நடந்தது. அக்காலப் பெட்ரோல் இன்ஜின்களில், பாரம் ஏறும்போது உள்ளே சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம் வரும். கெட்டரிங்கின் பற்றவைப்பு முறைதான் காரணம் என்று சிலர் பழி சொன்னார்கள். அவர் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் அந்த ஆய்வை ஒப்படைத்தார். ஆண்டுக்கணக்கில் எத்தனையோ பொருள்களைக் கலந்து பார்த்து, 1921 டிசம்பரில் மிட்ஜ்லி கண்டுபிடித்தது டெட்ராஎத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மம். சில துளிகள் போதும்; சத்தம் நின்றது. சாராயத்தைக் கலந்தாலும் சத்தம் அடங்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் சாராயத்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது.

ஈயம் நஞ்சு என்பது ரோமானியர் காலத்திலிருந்தே அறிந்த செய்தி. அதனால் வணிகப் பெயரில் ஈயம் என்ற சொல் வராமல் எத்தில் என்று வைத்தார்கள். அந்த நிறுவனத்துக்கு முதல் தலைவர் கெட்டரிங்தான். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் ஓர் ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்துத் துடித்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். நிருபர்களின் பயத்தைப் போக்க, மிட்ஜ்லி அவர்கள் முன்னால் அந்தத் திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக் கழுவிக் காட்டினார். அவரே அதற்கு முந்தைய ஆண்டு ஈய நஞ்சுக்குச் சிகிச்சை எடுத்தவர். 1925-இல் விற்பனை நிறுத்தப்பட்டு விசாரணை நடந்தது. ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் கடுமையாக எதிர்த்தார். கெட்டரிங் தம் பொருளின் பக்கமே நின்றார். தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று குழு சொன்னது. மறு ஆண்டு விற்பனை மீண்டும் தொடங்கி, உலகம் முழுவதும் பரவியது.

நம் நாட்டுக்கும் வந்தது. மாமா எழுபதுகளில் பட்டறையில் சேர்ந்தபோது, கழற்றிய பாகங்களைப் பெட்ரோலில்தான் கழுவுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் கைகளையும் அதிலேயே கழுவுவார்கள். ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்குப் பெட்ரோல் மாற்ற, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவார்கள். கொஞ்சம் உள்ளே போனால் துப்பிவிட்டு ஒரு தேநீர் குடிப்பார்கள். ஈயமற்ற பெட்ரோல் மலேசியாவில் பரவியது தொண்ணூறுகளில்தான். சாலையோரம் வளரும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக்கூட ஈயம் பாதிக்கும் என்பது அதற்கு முன்பே உறுதியாகியிருந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் நிறுத்தியது. கெட்டரிங் அறிமுகப்படுத்திய பொருளை ஒழிக்க ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன.

நூலகத்தில் இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வந்தது. தாத்தாவின் கையை உடைத்த கைப்பிடியை ஒழித்த அதே மனிதரா, மாமாவின் வாய்க்குள் ஈயத்தை வைத்தார்? பல முறை யோசித்திருக்கிறேன். ஸ்டார்ட்டரில் அவர் கேட்ட கேள்வி, இது எவ்வளவு நேரம் வேலை செய்தால் போதும் என்பது. பெட்ரோலிலும் அதே கேள்விதான் கேட்டிருக்க வேண்டும்: இந்த ஈயம் தன் வேலையை முடித்த பிறகு எவ்வளவு காலம் இருக்கும், எங்கே போகும்? அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டவர்களுக்குச் செவி கொடுக்கவும் இல்லை. கெட்டவராக இருந்ததால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாம் செய்த எல்லாமே வேலை செய்யும் என்று ஊர் நம்பிய காலத்தில், அவரும் அதை நம்பிவிட்டார் போலும். கல்லாவின் முன்னால் நின்ற கெட்டரிங்குக்கு அந்த நம்பிக்கை இருந்ததில்லை.

1945-இல், ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோனும் அவரும் சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆய்வு நிலையம் ஒன்றை நிறுவினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு அவருடைய மனைவி ஆலிவ் புற்றுநோயால் இறந்தார். ஸ்லோன் கெட்டரிங் என்ற பெயர் இன்றும் புற்றுநோய் மருத்துவத்தில் முன்வரிசையில் இருக்கிறது. படிப்பும் பட்டறை வேலையும் மாறி மாறி நடக்க வேண்டும் என்று அவர் கடைசிவரை வலியுறுத்தினார்; ஃபிளின்ட் நகரில் அவர் பெயரில் இயங்கும் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் இன்றும் அப்படித்தான் படிக்கிறார்கள். 1958 நவம்பரில், தம் 82-ஆம் வயதில், டேட்டன் அருகே காலமானார். நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன.

ஸ்டார்ட்டர் மாற்றிய மூன்றாவது வாரம் மறுபடியும் பிரிக்பீல்ட்ஸ் போனேன். மறுபடியும் மழை. தங்கை வந்து உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பினேன், இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. ஐந்து எண்ணினேன், விட்டேன். பின்னால் ஹாரன் சத்தம். இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, சட்டை நுனியால் உள்ளே துடைத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பியபோது, இரண்டு எண்ணுவதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது.